பத்தாவது கல்

"இதை எப்படிங்க வைக்கிறது மேஸ்திரி? தப்பா இருக்கே!" என்றார் டெய்லர்.

கல் செதுக்கும் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிய கல். 'கர்த்தர் எங்களை மறக்கவில்லை' என்று எழுத்து பளிச்சென்று இருந்தது.

"எங்க தப்பு? ஒரு புள்ளிகூட விட்டுப்போகல."

"நான் எழுதிக் கொடுத்த சீட்டுல 'நம்மை'ன்னு இருந்துச்சே?"

"இருந்துச்சு. கைதவறி எழுதிட்டீங்கன்னு நானே திருத்திட்டேன். இதுவரைக்கும் வெட்டின ஒன்பது கல்லுலயும் 'எங்களை'தானே?"

அதுவும் உண்மைதான். வருஷத்துக்கு ஒன்றாக டெய்லர் வீட்டு வாசலில் ஒன்பது கற்கள் வரிசையாக நின்றன. 'காய்ச்சலில் கர்த்தர் எங்களைக் காத்தார்.' 'வெள்ளத்தில் கர்த்தர் எங்களைத் தாங்கினார்.' எல்லாம் டெய்லர் மனைவியின் ஏற்பாடு.

"மனுஷ மனசு ஓட்டைப் பாக்கெட்டு மேஸ்திரி. கர்த்தர் செஞ்சதைக் கல்லுல போட்டு வைக்கலைன்னா அடுத்த வருஷமே மறந்துடுவோம்" என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

எட்டு மாதம் முன்பு ரோட்டைக் கடக்கும்போது வேன் மோதி அந்தம்மா போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அன்றிலிருந்து டெய்லர் பாதி ஆளாகிவிட்டார். தைக்கத் துணி இல்லாத நாளிலும் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போனால் "வந்துட்டீங்களா?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

"எங்களை, நம்மை... ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணா? 'நாங்க சாப்பிடப் போறோம்'னு நான் சொன்னா நீங்க வருவீங்களா?"

"கூப்பிடாத இடத்துக்கு நான் ஏன் வர்றேன்?"

"'நாம சாப்பிடப் போவோம்'னு சொன்னா?"

"கை கழுவிட்டு முன்னாடி உக்காந்துடுவேன்!"

"அவ்வளவுதான் மேஸ்திரி விஷயம். மாத்திக் கொடுத்துடுங்க."

"பிரிச்சுத் தைக்க இது என்ன சட்டையா? முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டு முதல்லேருந்து வெட்டணும்!"

டெய்லர் நகரவில்லை. மேஸ்திரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. 'எங்களை' என்றால் இவரும் அந்தம்மாவும். அதை அடித்துவிட்டு 'நம்மை' என்றால்?

"என்ன சார், வீட்டுக்குப் புதுசா ஆள் வருதோ?" என்று குத்தலாகக் கேட்டார்.

டெய்லர் தலை குனிந்துகொண்டார். "வரணும்னுதான் ஆசைப்படறேன். கூப்பிட்டுப் பார்த்தாச்சு. தயங்கறாங்க."

அடப்பாவி மனுஷா! வருஷம்கூடத் திரும்பவில்லையே!

"தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா போன வருஷத்துல கர்த்தர் உங்களுக்கு என்ன செஞ்சுட்டார்னு இந்தக் கல்லு?"

"நெஞ்சுல ஒரு பாறாங்கல் கிடந்துச்சு மேஸ்திரி. ராத்திரி பகல் தூங்க விடல. என் பலத்துல அதை அசைக்கக்கூட முடியல. அவர்தான் எடுத்தார்." டெய்லர் கல்லின் மேல் கையை வைத்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வெச்சுடணும். தயவு பண்ணுங்க."

எடுக்கமாட்டாரா பின்னே, புது மாப்பிள்ளைக்கு! முணுமுணுத்தபடியே மேஸ்திரி கல்லைத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்தாவது கல்லை நிறுத்தி, சிமென்ட் பூசிவிட்டுக் கையைக் கழுவினார். வீடு கப்சிப்பென்று கிடந்தது. டெய்லர் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து ஒன்றை மேஸ்திரிக்குக் கொடுத்தார். மற்றதை அவர் குடிக்கவில்லை. அப்படியே தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டு, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரட்டும், மகாராணியைப் பார்த்துவிட்டே போவோம் என்று மேஸ்திரியும் உட்கார்ந்துவிட்டார்.

வந்தது ஓர் ஆள். நாற்பது வயதிருக்கும். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கம்பி வழியாகக் கற்களை ஒவ்வொன்றாக வாசித்தான்.

"யாரு சார், பொண்ணோட அண்ணனா?"

"எந்தப் பொண்ணு?" என்றார் டெய்லர் புரியாமல். "ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வர்றார் மேஸ்திரி. அங்கயே நின்னு படிச்சுட்டு, அழுதுட்டுப் போயிடுவார். எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டேங்கறார்."

எழுந்து போய்க் கேட்டை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க. புதுசா ஒரு கல்லு வெச்சிருக்கோம். அங்கேருந்து தெரியாது."

வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, பயந்து பயந்து உள்ளே வந்தான். பத்தாவது கல் முன்னால் குந்தி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினான்.

"கர்த்தர்... நம்மை..."

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"நம்மைன்னா... யாருங்க?"

டெய்லர் மூடி வைத்திருந்த டீயை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"அவளையும் என்னையும்... அன்னிக்கு அந்த வேனை ஓட்டிட்டு வந்த உங்களையும்."