போட்டோவுக்குப் பிறகு

புதிய கம்ப்யூட்டர் தையல் மெஷினில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி அந்தப் பனியன் கம்பெனிக்கு அரசாங்கம் பணம் தந்திருந்தது. கம்பெனி ஒரே மதியத்தில் பயிற்சியை முடித்துவிடப் பார்த்தது. பயிற்சி நடந்ததாகக் காட்ட, அங்கே தைக்கும் பெண்களை ஒவ்வொருவராக மெஷின் முன்னால் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் சிரித்தபடி நின்றார். கடைசியாக உட்கார்ந்த நாச்சம்மாள், படம் எடுத்து முடித்த பிறகும் எழவில்லை.

“ஆச்சுங்கக்கா, எந்திரிங்க,” என்றான் சூப்பர்வைசர் கதிரேசன்.

“இன்னும் ஒண்ணும் கத்துக்கலீங்களே.”

“அதெல்லாம் பேருக்குத்தானுங்கக்கா.”

“தீவாளிக்குள்ள பழைய மெஷினையெல்லாம் தூக்கிருவீங்க. இது தெரியாதவங்கள அப்பறம் வேலைக்கு வெச்சிருப்பீங்களா?”

கதிரேசன் அவள் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை அணைத்தான். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நாச்சம்மாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முந்தானையை இடுப்பில் செருகி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பயிற்சியாளர் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போயிருந்தார்.

“சார், எங்களுக்குச் சொல்லித்தரத்தானுங்களே வந்தீங்க?”

அவர் நின்றார். கதிரேசனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்ல இந்தப் பட்டன அமுத்துங்கம்மா,” என்றார்.

நாச்சம்மாள் அழுத்தினாள். ஊசி துணியில் இறங்கித் தடதடவென்று ஓடி, தையல் கோணலாக விழுந்தது. அவள் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். யாரும் கூப்பிடாமலே பெண்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி நெருங்கி வந்து நின்றார்கள்.