பிரிட்ஜில் இருந்த பால்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. அவசரமாகச் சொன்னால் மருமகள் கெட்டவளாகிவிடுவாள். நிதானமாகச் சொன்னால் என் அக்கா கெட்டவளாகிவிடுவாள். இரண்டு பேரோடும் நான் காலம் தள்ள வேண்டும்.

பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகியும் எடை ஏறவில்லை. போன வாரம் தராசில் வைத்துப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார் என்று மகன் சொன்னான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மருமகளோ அன்றிலிருந்து பாட்டிலுக்கு மாறிவிட்டாள்.

அடிக்கடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே கொர் கொர் என்று செல்போன் அதிர்வது போல ஒரு சத்தம். குழந்தை என் தோளில் கிடப்பான். என்னம்மா என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்டுச் சண்டை வந்துவிட்டால்?

அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். வந்ததும் பாட்டில்தான் அவள் கண்ணில் பட்டது.

"இது என்ன கூத்து?"

"வாயில பிடிக்க மாட்டேங்கிறான் பெரியத்தை," என்றாள் மருமகள்.

"பச்சப் புள்ள மேல பழியப் போடு. நாலு பெத்தவ நான். என்கிட்டயே கதை விடுறியா?"

"ரொம்ப வலிக்குது, அதான்..."

"எங்களுக்கு மட்டும் இனிச்சுதாக்கும்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன, கடையில வச்ச பொம்மையா? உன் வீடுதானே இது?"

"அவ பாத்துப்பாக்கா," என்றேன். இரண்டு பக்கமும் படாமல் பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது.

அக்கா பிரிட்ஜைத் திறந்தாள். மூடி போட்ட பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இருந்தாத்தானே குடுப்பே? பசிச்சா புள்ள தன்னால வாயத் தொறப்பான்."

மருமகள் தடுக்கக் கையை நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நீட்டிய கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"திமிரப் பாரு. ஒரு பதில் வருதா?" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தான். மருமகள் மார்பில் வைத்தாள். பிடித்தான், டக்கென்று நழுவினான், மறுபடி அழுதான். திரும்பத் திரும்ப இதேதான். கடைசியில் அவனை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொர் கொர்.

எனக்கே அன்று கோபம் வந்தது. பிள்ளை பசியில் துடிக்கிறான், இவளுக்குப் போன் கேட்கிறதா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் பால் எடுக்கிற பம்பு. அதுதான் கொர் கொர் என்றது. துண்டைச் சுருட்டி வாயில் கடித்திருந்தாள். பாட்டிலின் அடியில் கொஞ்சமே கொஞ்சம் பால். அதிலும் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது.

"அப்ப பிரிட்ஜில இருந்தது கடைப் பால் இல்லையா?"

துண்டை எடுத்தாள். "அதுவும் என்னோடதுதான் அத்தை. ராத்திரிக்குன்னு எடுத்து வச்சது."

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாள். நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு, நாக்கை எழும்ப விடாமல் கீழே கட்டிப் போட்டிருந்தது.

"நாக்கு எழும்பினாத்தான் உறிஞ்ச முடியுமாம். அதுவரைக்கும் எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க. நாளைக்கு டாக்டரம்மா கத்தரிச்சு விடுறாங்க. சின்ன வேலைதானாம்."

"கத்தரிக்கிறாங்களா?"

"இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லலை. கத்தரின்னு கேட்டா சோறு தண்ணி இறங்காம கிடப்பீங்க, முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு உங்க பையன் சொன்னார்."

"அது போகட்டும். அக்கா கொட்டுறப்பவாவது உன் பால்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவங்க என்னை விட்டுட்டு உங்களைப் பிடிச்சிருப்பாங்க, மருமகளை அடக்கத் தெரியலன்னு. உங்களுக்குச் சண்டைன்னாலே ஆகாது அத்தை. பால்தானே, மறுபடி ஊறும்."

மறுநாள் கத்தரித்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. உடனே மார்பில் வைக்கச் சொன்னார்கள். பேரன் பிடித்த பிடியை விடவில்லை. மருமகள் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். பிறகு மெதுவாக விட்டாள்.

"முன்ன மாதிரி இல்ல அத்தை," என்றாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"குடிக்கிறானா?"

"குடிக்கிறான்கா."

"பாத்தியா? நான் கொட்டினேன், அவன் குடிக்கிறான். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு வாரம் தங்குறேன். உன் மருமகளுக்கு இன்னும் கத்துக்குடுக்க வேண்டியது நிறைய இருக்கு."

பக்கத்தில் மருமகள் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

"இப்ப வராதேக்கா. வீட்டுல எல்லாருக்கும் சளி, உனக்கும் ஒட்டிக்கும்," என்றேன்.

நம்பட்டும் என்று இரண்டு தடவை இருமியும் வைத்தேன்.