பெரிய குடும்பம்

லண்டனில், பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பவளராணி தனியாளாகப் பார்த்துவந்தாள். தன் கண் அறுவைக்குப் போக, அவரைப் பார்த்துக்கொள்ள நகரசபையிடம் உதவியாள் கேட்டிருந்தாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரிக்குக் கேட்ட மறுநாளே ஆள் வந்தது. இவளுக்கோ, அறுவை நாளன்று காலையில், விசாரிக்க ஓர் அதிகாரி மட்டும் வந்தார்.

"உங்கள் ஆட்களுக்குப் பெரிய குடும்பம். உங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்வீர்கள். என்ன அருமையான பண்பாடு!" என்று உருகினார்.

"ஓம் தம்பி, வாசல் மிதிச்ச ஆளெல்லாம் எங்களுக்குச் சொந்தம்தான்." கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். "இவர் மெல்லத்தான் விழுங்குவார். அவசரப்படுத்தாதேங்கோ."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

பஸ் வருவதற்குள் கைபேசி அலறியது. "அம்மா, அனுமதி கொடுத்துவிட்டேன்! உதவியாள் கிளம்பிவிட்டார். நீங்கள் எங்கே?"

"நல்லது தம்பி. அந்த ஆள் வருமட்டும் இருங்கோ, வாயையும் துடைச்சுவிடுங்கோ," என்றபடி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.