ஊதாச் சீட்டு

இந்த நகரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவரால்தான். ஏரியில் எந்தப் படகு ஆடாமல் போகும், பூங்காவில் எந்த மூலையில் நிழல் இருக்கும், அருங்காட்சியகத்தில் எந்த அறையில் மின்விசிறி சுற்றும் என்று சனிக்கிழமைதோறும் பத்திரிகையில் எழுதி, கொளுத்தும் கோடையிலும் ஊரையே குடும்பத்தோடு தெருவில் இறக்கிவிடுகிற மகான். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஊர்சுற்றி.

ஊர்சுற்றி ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுப் படியை விட்டு இறங்கி ஏழு வருஷம் ஆகிறது. சுற்றுகிறவள் அவர் மனைவி. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பார்; அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எங்கே அலைந்தாலும் கடைசியில் ஏரிப் பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் சொல்லச் சொல்ல, அவர் 'நான் கண்டேன்', 'என் உள்ளம் சிலிர்த்தது' என்று எழுதிக்கொள்வார்.

முதலில் "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆசிரியர் பேப்பரை மேஜையில் வீசினார்.

"என்னய்யா எழுதி வச்சிருக்கே? 'விவரம் தெரிந்தவர்கள் ஏரிப் பூங்காவில் பெரிய வரிசையில் நிற்பதில்லை. சின்ன ஜன்னலில் ஊதாச் சீட்டு கேட்டு வாங்கி, நேரே உள்ளே போகிறார்கள்.' காலையிலேர்ந்து அங்கே ஒரே ரகளையாம். என்னன்னு கேட்டா பூங்கா மேனேஜர் சொல்லக்கூட மாட்டேங்கறார். அந்த ஆளையே வரச் சொல்லுங்கன்னு கத்தறார்."

"சார், அது நான் கண்ணால..."

"நாளைக்கு நீயே போய்ச் சரிபண்ணிட்டு வா. இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து உன் பகுதியை ராசிபலன்காரர் எழுதட்டும். அவரும் பார்க்காமத்தான் எழுதறார். ஆனா புகார் வர்றதில்லை."

வீட்டுக்கு வந்தவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஊதாச் சீட்டு நிஜம்தானே?"

"அதை மட்டும் எழுதாதீங்கன்னு சொன்னேனே."

"ஊருக்கு ஒரு நல்லது சொன்னா உனக்கு ஏன் பொறுக்கலை? எல்லாருக்கும் குடுக்கறாங்களா, இல்லையா?"

"கேக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கறாங்க."

"அப்ப நாளைக்கு நீயும் வந்து அதைச் சொல்லு."

"எனக்குத் தலைவலி."

"நாளைக்கா?"

"ஆமாம். நாளைக்கு வலிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போனார். கையில் ஒரு தடித்த நோட்டு. மனைவி கொண்டுவந்து கொடுத்த பூங்காச் சீட்டுகளையெல்லாம், கள ஆய்வுக்கு ஆதாரம் என்று தேதிவாரியாக ஒட்டி வைத்திருந்தார். பார்த்தால் நோட்டு முழுக்கக் கத்திரிக்காய் நிறம்.

பூங்கா வாசலில் வெயில் தார்ச் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. நூறடி நீள வரிசை. பலர் கையில் அவர் எழுதிய பக்கம் விசிறியாக மாறியிருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் சின்ன ஜன்னலுக்குப் போய்த் தொண்டையைச் செருமினார்.

"ஊதா கேக்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க" என்றாள் உள்ளே இருந்த பெண்.

"நான் பத்திரிகையிலேர்ந்து வர்றேன்மா. ஊர்சுற்றி."

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா! நேத்துப் பூரா ஜோடி ஜோடியா வந்து என் உயிரை வாங்கிட்டாங்க சார். ஒருத்தர் பொண்டாட்டி தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, 'இவளுக்கு ஒரு ஊதா குடும்மா'ங்கறார். நான் விவரத்தைச் சொன்னேன். அந்தம்மா குடையாலேயே அவரை அடிக்கப் போயிட்டாங்க."

அவர் புன்னகை செய்தார். கையில் ஆதாரம் வைத்திருக்கிறவனின் புன்னகை. நோட்டைப் பிரித்து ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்.

"தர்றதே இல்லைங்கற மாதிரி பேசறீங்களேம்மா? ஏழு வருஷச் சீட்டு. வாரம் தவறாம இதே ஜன்னல்ல வாங்கினது. உங்க கையெழுத்தே இருக்கு, பாருங்க."

அவள் பார்த்தாள். நேற்றிலிருந்து கடுத்திருந்த முகம் சட்டென்று இளகியது.

"அட, வாரம் தவறாமன்னா இது நம்ம மூணாவது பெஞ்ச் அக்காவோட சீட்டுல்ல? எல்லாத்தையும் குட்டி நோட்டுல குறிச்சுப்பாங்களே, அவங்கதானே? அவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்கு சார் குடுப்பேன்? புருஷன் செத்துப்போனவங்களுக்குன்னே நகராட்சி போட்டிருக்கற சீட்டு இது."

ஊர்சுற்றி நோட்டை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டார்.

"அவங்க... புருஷன்?"

"ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு, பேப்பரை மூஞ்சில போட்டுக்கிட்டுப் படுத்தாராம். அதோட சரி. ஏழு வருஷம் ஆச்சு." அவள் உச்சுக்கொட்டினாள். "ஒரு நாள்கூட அவரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆமா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

பக்கத்து வரிசையில் பத்துப் பன்னிரண்டு தலைகள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. விசிறிகள் நின்றுவிட்டன.

"தூரத்துச் சொந்தம்" என்றார் அவர்.