மிக்சி ஓடும் நேரம்

கணினியின் ஒலியை அவள் முன்பே அணைத்திருந்தாள். ஆனாலும் விரலை மெதுவாகத்தான் வைத்தாள். விசைகளுக்கும் சத்தம் உண்டு.

காலை எட்டே முக்கால். சமையல் மேடையில்தான் அவள் அலுவலகம். படுக்கையறையில் அவள் கணவன் சாய்ந்து படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். மில்லில் இரண்டாம் ஷிப்டு. மதியம்தான் கிளம்புவான்.

திரையில், விளையாடியவர்கள் எழுதிய கருத்துகள்.

அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி போன வாரம் வெளியிட்ட விளையாட்டு. மனோசக்தி உள்ள ஒரு பெண், யார் கண்ணிலும் படாமல் பதுங்கிப் பதுங்கித் தப்ப வேண்டும். பிறர் மனதைப் படிக்கலாம். தொடாமலே பொருளை நகர்த்தலாம். மொத்தம் பத்துக் கட்டம். மூன்றாவது இவள் செய்தது.

ஒரு வீடு. உள்ளே ஒரே ஒரு ஆள். வாசலருகே ஆணியில் சாவிக்கொத்து. அதை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில் ஊரே குப்புற விழுந்து கிடந்தது.

"துப்பாக்கி வச்சிருக்கவனையெல்லாம் தாண்டிட்டேன். பனியன் போட்ட இந்த ஆளைத் தாண்ட முடியல."

"இவனுக்கு என்ன காதா, ரேடாரா? சாவி லேசா உரசுனதுக்கே வந்துட்டான். நிஜத்துல எவனுக்கும் இப்படிக் கேக்காது."

கேட்கும்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வீட்டில் சுவருக்கு அந்த வேலையே இல்லை.

"இவன் மனசைப் படிச்சா பாசம்னு காட்டுது. அடுத்த செகண்டே அடிக்கிறான். கேம்ல ஏதோ பக், பிழை. சரி பண்ணுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருடமாக அவள் சரிபண்ணிப் பார்க்காத பிழையா அது.

யாரிடமும் அவள் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டத்தில்தான் சொல்லியிருந்தாள், மூலை முடுக்கு விடாமல்.

அவன் வேலைக்குப் போனால் வெளியே பூட்டு. வீட்டில் இருந்தால் காது.

போன கார்த்திகையில் ஒரு முறை வாசல்வரை போனாள். சாவிக்கொத்து ஆணியில் உரசியது. இடது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை.

திரை ஓரத்தில் ஒரு செய்தி வந்து நின்றது. மெர்லின் அக்கா, அவளுடைய டீம் லீடர்.

"அந்த ஆளு காதைக் கொஞ்சம் குறைச்சிரு கண்ணு. மிக்சி பக்கையும் மூடிரு. பத்து மணிக்குள்ள அனுப்பிரு."

மிக்சியா?

கருத்துகளில் தேடினாள். கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. எழுதியவர் பெயர் போடவில்லை.

"சமையல்கட்டுல மிக்சியைப் போட்டு விடுங்க. அது ஓடற வரைக்கும் அவனுக்கு வேற எதுவும் கேக்காது. சக்தியெல்லாம் தேவையே இல்ல. நடந்தே போயிடலாம். நான் போயிட்டேன்."

அடியில் வழக்கமான கேள்வி. இந்தக் கருத்து உதவியாக இருந்ததா? இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அவள் தான் எழுதிய விதிகளைத் திறந்து பார்த்தாள். உண்மைதான். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். முதல் கட்டத்து ஜெனரேட்டருக்காக அவளிடம் எழுதி வாங்கியது. மிக்சியை அவள் வைத்தது சும்மா, சமையலறை சமையலறையாகத் தெரியட்டும் என்று. இந்த வீட்டு மிக்சியின் சத்தத்தையே பதிந்து போட்டிருந்தாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நிமிர்ந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் மிக்சி இருந்தது.

பயமாக இருந்தது.

மெர்லின் அக்காவுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள். "மிக்சியை மட்டும் மூட வேண்டாங்க்கா."

தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய். கொஞ்சம் தண்ணீர். வெறும் ஜார் ஓடினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அதுவும் அவனுக்குத் தெரியும்.

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து துணிப்பையை இழுத்தாள். சான்றிதழ்கள், ஒரு சுடிதார், பழைய செருப்பு. கார்த்திகையிலிருந்து அங்கேயே இருக்கிறது.

குமிழைத் திருப்பினாள்.

"என்னடி சத்தம் அங்க?"

"சட்னி அரைக்கறனுங்க!"

அதற்கு அவன் ஏதாவது சொன்னானா, தெரியவில்லை. எழுந்து வருகிறானா, அதுவும் தெரியவில்லை. மிக்சி ஓடினால் அவளுக்கும்தான் கேட்காது. இதை அவள் யோசிக்கவே இல்லை.

கூடம். ஏழு தப்படி.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவன் பாதம் மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

நான்கு.

ஆறு. ஏழு.

கையை நீட்டினாள். சாவிக்கொத்து ஆணியில் உரசியது. இந்த முறையும்.

திரும்பிப் பார்த்தாள்.

கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்து, வெளியே வந்து பூட்டினாள். தெரிந்த சத்தம்தான். இத்தனை நாளும் உள்ளே நின்று கேட்டது.

இரண்டு மாடி இறங்கி, கேட்டைத் தாண்டும்போதும் மேலே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மூச்சு அடங்க இரண்டு நிறுத்தம் ஆயிற்று. பிறகு போனை எடுத்து அந்தப் பெயரில்லாத கருத்தைத் தேடிப் பிடித்தாள்.

இந்தக் கருத்து உதவியாக இருந்ததா?

ஆம் என்பதில் விரலை வைத்தாள். அழுத்தியே வைத்தாள்.