தையல்காரரின் சாட்சி

"இப்பல்லாம் என் வீட்டுக்காரி நல்லாத் தூங்குறா டாக்டரம்மா. நேத்துகூட நான் எடுத்த பட்டன் காஜா கோணல்னு படுத்த வாக்கிலேயே திட்டினா!"

இரட்டைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று தையல்காரர் சிரித்தார். கழுத்து அளவுநாடாவைக் கழற்றாமலே சிறைக்கு வந்திருந்தார், பாவம்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத் தைங்கன்னா கேட்டாத்தானே!" என்று டாக்டரம்மாவும் சிரித்தார்.

தையல்காரரை அழைத்து வந்தவன் டாக்டரம்மாவின் தம்பி; அவருடைய வக்கீலும் அவன்தான். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பேச விட்ட பத்து நிமிஷத்தில் ஏழு போய்விட்டது.

அவன் தவிப்பு டாக்டரம்மாவுக்குப் புரியாமல் இல்லை. தையல்காரரின் மனைவிக்குப் புற்றுநோய். வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக் கிழித்தவளுக்கு, டாக்டரம்மா ஒரு மாசத்து மார்ஃபின் மாத்திரையை மொத்தமாக எழுதிக் கொடுத்தார். அது குற்றமாம். ஏழு வருஷம் போட்டார்கள். திங்கட்கிழமை மேல்முறையீடு. 'அந்த வலி நிஜம். அலமாரியில வெச்சுப் பூட்டுங்கன்னு சொல்லி என் கையிலதான் கொடுத்தாங்க' என்று தையல்காரர் கூண்டேறிச் சொன்னால், வீட்டுக்குப் போய்விடலாம். கோர்ட் என்றாலே எழுந்து ஓடுகிற மனுஷன். டாக்டரம்மா கேட்டால் மட்டும் தட்டமாட்டார்.

தம்பி வலையோடு முகத்தை ஒட்டி முணுமுணுத்தான். "அக்கா, கேளு. உன் பொண்ணு என் பொண்டாட்டியை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா."

டாக்டரம்மா தையல்காரர் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"சாப்பிடுறாங்களா?"

"எங்கே! உப்பில்லைன்னு தட்டைத் தள்ளுறா. சமைச்சவன் மூஞ்சியிலயும் உப்பில்லையாம்!" தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்களை எப்ப விடுவாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லுங்க."

மணி அடித்தது.

"வரட்டுமா டாக்டரம்மா? முழிச்சா என்னைத் தேடுவா." செருப்பை இழுத்து இழுத்து வாசல் வரை போனவர், அங்கிருந்து ஒருமுறை திரும்பிக் கும்பிட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், தம்பி வெடித்தான். "பைத்தியமாக்கா உனக்கு? காஜா, உப்பு, சாப்பாடு! ஊர்க்கதை எல்லாம் பேசினே. ஒரு வார்த்தை, சாட்சி சொல்ல வாங்கன்னு கேட்க வாய் வரலையா?"

டாக்டரம்மா வலையைப் பிடித்துக்கொண்டார்.

"கூண்டுல ஏத்தினா, பூட்டச் சொன்ன அலமாரியை ஏன்யா பூட்டலைன்னுதான் முதல் கேள்வியே வரும்."

"வரட்டுமே! மறந்துட்டேன்னு சொல்லட்டும்!"

"அதைச் சொல்லணும்னா, அத்தனை மாத்திரையையும் ஒரேயடியா முழுங்கி அவ செத்து மூணு வருஷம் ஆச்சுங்கறது அவருக்கு உறைக்கணுமேடா!"