தாடைக்குக் கீழே

"சீசன் முடியுற கடைசி வாரம்தான் நமக்குச் சரி. கூட்டம் கலைஞ்சிடும், ரூம் பாதி வாடகைக்குக் கிடைக்கும்" என்றான் கணவன். சாப்பாட்டு மேசை முழுக்க விசா தாள்கள் பரந்து கிடந்தன.

மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு பல்பு வாங்கிவரவே பத்து தடவை சொல்ல வேண்டிய மனுஷன், வெளிநாட்டுப் பனிச்சறுக்குக்கு எல்லா விவரத்தையும் விரல் நுனியில் வைத்திருந்தான். மலையடியில் தங்காமல் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தங்க வேண்டுமாம். சறுக்குப் பலகையை மேலே போய் வாடகைக்கு எடுத்தால் தோலை உரித்துவிடுவார்களாம், ஊருக்குள்ளேயே எடுத்துவிட வேண்டுமாம். எல்லாம் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதாம்.

முதன்முதலாகப் பனியில் கால் வைத்தால் இருவரும் சேர்ந்துதான் வைப்பது என்று கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்காகவே, கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் போகவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்தாள்.

விசாவுக்கென்று அவன் எடுத்து வைத்திருந்த அவனுடைய பழைய போட்டோவைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இது வேணாங்க. நான் கை வெச்ச படம், விசாவுக்குச் செல்லாது."

அவள் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவள். சாலைப் பொறியாளனான கணவன் போன வருஷம் மலைப்பாதைக்குத் தார் போடுகிறோம் என்று பத்து நாள் போய்த் திரும்பி, அடையாள அட்டைப் படத்துக்காக அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். முகம் கருகி, கண்ணைச் சுற்றி மட்டும் ஆந்தை மாதிரி வெளுப்பு. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன் என்றான். தாடைக்குக் கீழேகூடத் தோல் உரிந்திருந்தது. அங்கே சூரியன் கீழேயிருந்தா அடிக்கிறது என்று அவள் கேலி செய்ததற்கு, தார்ச் சூடு என்றான். பாவம், நமக்காக இப்படி வேகிறாரே என்று உருகிப்போய், மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அத்தனையையும் சரிசெய்து கொடுத்தாள்.

"அப்ப புதுசா எடுத்துக்கலாம்" என்று கணவன், அவள் எழுதிக்கொண்டிருந்த சாமான் பட்டியலுக்குத் திரும்பினான். "சன்ஸ்கிரீன் இங்கேயே வாங்கிடு, அங்க கொள்ளை விலை. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிடுவோம், அதனால அங்க ஒண்ணும் ஆகாது. தாடைக்குக் கீழதான் மறக்காம தடவணும். பனியில வெயில் கீழேயிருந்து திருப்பி அடிக்கும், வெந்துடும்."

எழுதிக்கொண்டிருந்தவளின் பேனா நின்றது.

"இதுவும் வீடியோவுல சொன்னாங்களா?"

"ஆமா" என்றான், தலை நிமிராமல்.

 தன் கையாலேயே வெளுத்துக் கொடுத்த அந்தப் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பத்து நாள் யார்கூடப் போனீங்க?"